உயிர் காலேஜ், செத்த காலேஜ்: பீப்பிள்ஸ் பார்க்கும் ஒரு பழைய கேமராவும்

1

சென்ட்ரலுக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற புறநகர் ரயில் நிலையத்துக்குப் பெயர் பார்க். தமிழில் சென்னைப் பூங்கா. கொஞ்சம் தள்ளிப் பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன் என்று இன்னொரு நிலையம். தினமும் அங்கே ஏறி இறங்குகிற ஜனங்களில் ஒருத்தரும் 'எந்தப் பார்க்?' என்று கேட்பதில்லை. கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. குறிப்பான் இருக்கிறது, குறிப்பீடு தொலைந்துவிட்டது என்று அமைப்பியல் மொழியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இங்கே தொலைந்திருப்பது வெறும் அர்த்தமல்ல, 116 ஏக்கர் நிலம். பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர் வைத்து, ஜனங்களுக்கு என்று சொல்லி ஒதுக்கப்பட்ட நிலம்.

இல்லாமற்போன இந்தப் பூங்காவைப் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றால் படமெடுப்பது சாத்தியமா, சாத்தியமென்றால் எதை எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கேமரா அக்ஃபா கிளிக் 3. இந்தியாவிலேயே தயாராகி, ஒரு தலைமுறை நடுத்தர வர்க்க வீடுகளில் பிறந்தநாளையும் திருப்பதிப் பயணத்தையும் பதிவு செய்த எளிய பெட்டி. 120 ஃபிலிம் போட்டால் சதுரமாகப் பன்னிரண்டு படம் கிடைக்கும். வெயிலா, மேகமூட்டமா என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் அதில் திருகுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு படத்துக்குள் 116 ஏக்கர் என்றால் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானித்தே ஆக வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு வரலாற்றின் வழியாகத்தான் போக முடிகிறது.

2

சென்னையில் பொதுப் பூங்காவும் புகைப்படக் கலையும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிள்ளைகள். அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியைச் சுற்றிப் புகைப்பட ஆர்வம் வளர்ந்தது. 1856இல் சென்னைப் புகைப்படச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியிலிருந்து 1858 வரை ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அலைந்து அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, ஒரே நீண்ட சுருளாக்கினார். ஒரு கோயிலைச் சுற்றி நடந்து வாசிக்க வேண்டியதைச் சுருட்டிக் கையில் எடுத்துப் போகும்படி ஆக்கினார் என்று சொல்லலாம்.

1859இல் சர் சார்லஸ் ட்ரெவல்யன் கவர்னராக வந்தார். 1857 எழுச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. அரசுக்குப் புகைப்படக்காரர் வைத்துக்கொள்வது இந்த நிதிநிலைக்குத் தகாத ஆடம்பரம் என்று டிரைப்பின் வேலையை உடனே நிறுத்தச் சொன்னவர் இவர்தான். பீப்பிள்ஸ் பார்க் யோசனையை முன்வைத்தவரும் இவர்தான். படம் ஆடம்பரம், பூங்கா அவசியம் என்று இதைச் சுருக்கமாக வாசிக்கலாம். ட்ரெவல்யனை நல்லவராகக் காட்ட இதைச் சொல்லவில்லை. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணத்துக்குக் கணக்குப் பார்த்து, சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்று நம்பிய மனிதர் அவர். அப்படிப்பட்டவர் நகரத்தின் கறுப்பர் பட்டணத்துக்குப் பக்கத்தில் பூங்கா வேண்டும் என்கிறார் என்றால், அதில் கருணையைவிட நிர்வாகம் அதிகம். நெரிசல், காற்று, சுகாதாரம், ஒழுங்கான பொழுதுபோக்கு: பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர அதிகாரத்தின் சொல்லாடல் இதுதான். உடம்புகளைச் சிறையில் மட்டுமா பழக்குகிறார்கள்? புல்தரையிலும் பழக்கலாம்.

ட்ரெவல்யன் 1860இலேயே திருப்பி அழைக்கப்பட்டுவிட்டார். கல்கத்தா அரசின் வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்தது காரணம். ஆனால் பூங்கா வளர்ந்தது. குளங்கள், வண்டிப் பாதைகள், பேண்டு வாத்திய மேடை, குளிக்கும் துறை என்று 1860களில் அது உருப்பெற்றது.

3

'பீப்பிள்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். பூங்கா வளர்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில் லண்டனில் இன்னொரு 'பீப்பிள்' அச்சாகிக்கொண்டிருந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் கேயும் பதிப்பித்த 'த பீப்பிள் ஆஃப் இந்தியா', 1868இலிருந்து 1875 வரை எட்டுத் தொகுதிகள். சாதி, பழங்குடி, தொழில் என்று வகைப்படுத்தி ஒட்டப்பட்ட நூற்றுக்கணக்கான புகைப்படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இந்த இனம் உழைப்பாளி, இந்த இனம் நம்பத்தகாதது என்கிற மாதிரி விளக்கம். ஆக, ஒரே காலத்தில் இரண்டு பீப்பிள். மாலையில் காற்று வாங்க வருகிற பீப்பிள் ஒன்று. மாதிரிப் பொருளாக நிறுத்தப்பட்டு வகைபிரிக்கப்படுகிற பீப்பிள் இன்னொன்று. கேமரா இரண்டாவதைத்தான் தேடிப் போனது.

முதலாவது பீப்பிள் படத்தில் விழாததற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்றைய கண்ணாடித் தட்டிலும் காகித நெகடிவிலும் ஒளி பதிய நொடிக்கணக்கில், சிலசமயம் நிமிடக்கணக்கில் ஆனது. நடக்கிறவன் பதிய மாட்டான். புகைபோல் இழுபட்டுக் கரைந்துபோவான். மரம் பதியும், கல் பதியும், அசையாதே என்று சொல்லி நிறுத்தப்பட்டவன் பதிவான். கோயில் தூணின் உயரம் தெரிவதற்காக ஓர் ஆளை அளவுகோலாக நிறுத்துவது அப்போது வழக்கம். பழைய படங்களில் கூட்டம் இல்லாத தெருக்களைப் பார்த்துவிட்டு 'அந்தக் காலத்துல ஊரு எவ்வளவு அமைதியா இருந்திருக்கு பாருங்க' என்கிறோம். அமைதி ஒன்றும் இல்லை. நடமாடிய சனம் ரசாயனத்தில் விழவில்லை, அவ்வளவுதான்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தை உரித்தது. வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எடுத்த படங்கள் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் இருப்பவர்கள் மிகத் துல்லியமாகப் பதிந்திருக்கிறார்கள். அசைவதற்கு அவர்களுக்குத் தெம்பில்லை. கேமராவுக்கு ஏற்ற பொறுமை பட்டினியால் வந்தது என்பதைப் போலக் கொடூரமான செய்தி புகைப்பட வரலாற்றில் வேறு அதிகமில்லை. பூங்காவில் உலாவிய சனத்தின் முகம் நமக்குக் கிடைக்காமல், பஞ்சத்தில் சுருண்ட சனத்தின் விலா எலும்பு கிடைத்திருக்கிறது. ஆவணக்காப்பகம் என்பது எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிற இடம் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

4

ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. அவர்கள் பெயர் வைத்தார்கள்.

எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் முதலில் இருந்தது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். எல்லிஸும் தமிழ்ப் புலவர்களும் நடமாடிய அதே கல்லூரி. 1854இல் அது எழும்பூர் பாந்தியனுக்கு நகர்ந்தது. 1855இல் பால்ஃபர் அங்கே உயிருள்ள மிருகங்களையும் சேர்த்து விலங்குக் காட்சிசாலை ஒன்றை ஆரம்பித்தார், கூட்டம் அலைமோதியது. 1860களின் தொடக்கத்தில் மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோகப்பட்டன. பாடம் செய்த உடல்கள் எழும்பூரிலேயே இருந்தன. பட்டணத்து ஜனங்கள் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றுக்குச் செத்த காலேஜ் என்றும், மற்றதற்கு உயிர் காலேஜ் என்றும் பெயர் வைத்தார்கள். கிராமத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களை இரண்டுக்கும் கூட்டிப்போவது பட்டணத்து விருந்தோம்பலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இந்தப் பெயரிடலைக் கேலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. மியூசியம், ஜூ என்று வெள்ளைக்காரன் இரண்டு துறையாகப் பிரித்துவைத்ததை இவர்கள் ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளையாக வாசித்தார்கள். இரண்டும் காலேஜ். இரண்டிலும் பிடித்துவந்து, அடைத்து, பெயர்ப்பலகை மாட்டி, பார்வைக்கு வைக்கிறார்கள். ஒன்றில் உயிர் இருக்கிறது, மற்றதில் இல்லை, வித்தியாசம் அவ்வளவே. அறிவும் அடைத்துவைத்தலும் ஒன்றோடொன்று கைகோத்து நடப்பதைப் பற்றி ஃபூக்கோ எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே சென்னைப் பாமரன் இரண்டு சொல்லில் முடித்துவிட்டான்.

புகைப்படத்துக்கும் இந்த இரண்டு சொல்லும் பொருந்தும். ஃபிலிமின் மேல் பூசியிருப்பது வெள்ளி உப்பு. அதைப் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின், மாட்டு எலும்பும் தோலும் காய்ச்சி எடுத்த பசை. உயிரோடு இருந்ததைச் சாகடித்து எடுத்த பொருளின் மேல்தான் உயிரோடிருப்பதன் சாயலைப் பதிக்கிறோம். 'இது இருந்தது' என்று சாட்சி சொல்வதே புகைப்படத்தின் சாரம் என்றார் ரோலன் பார்த். பட்டணத்து மொழியில் சொன்னால், ஒவ்வொரு ஃபோட்டோவும் எடுக்கும்போது உயிர் காலேஜ், பார்க்கும்போது செத்த காலேஜ். பார்த் நின்றது இழப்பின் துக்கத்தில், அதுவும் தன் தாயின் படத்தின் முன்னால். நமக்கு முன்னால் இருப்பதோ பொதுச்சொத்து. பொதுச்சொத்து தொலைந்தால் துக்கம் மட்டும் போதாது, கணக்கும் கேட்க வேண்டும்.

5

கணக்கு இதுதான். 1886இல் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு, 99 வருஷக் குத்தகைக்கு, நகர மண்டபம் கட்டக் கொடுக்கப்பட்டது. சிஷோம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டிய விக்டோரியா பப்ளிக் ஹால் அங்கே எழுந்தது. 1897இல் விவேகானந்தர் அங்கே பேசினார்; பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது; 1890களின் இறுதியில் சென்னை முதன்முதலாகச் சலனப்படம் பார்த்ததும் அங்கேதான். கலாச்சாரத்துக்குத்தானே, போகட்டும் என்று சொல்லலாம்.

அதே 1886, டிசம்பர் 31. பூங்காவில் நடந்த வருடாந்தரச் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான பேர் செத்துப்போனார்கள். ஈஸ்ட்மனின் கோடாக் கைக்கேமரா சந்தைக்கு வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கூட்டத்தில் ஒருவன் சட்டென்று எடுக்கிற படம் என்பது அப்போது சாதாரண ஜனங்களின் கைக்கு எட்டியிருக்கவில்லை. பூங்காவின் வரலாற்றில் ஜனங்கள் அத்தனை பேர் ஒருசேர இருந்த அந்த நாள் ஜன நினைவிலிருந்தே கரைந்துவிட்டது. இன்றைக்குச் சென்ட்ரல் பக்கம் போய்க் கேளுங்கள், ஒருத்தருக்கும் தெரியாது.

1898இல் அஸ்திவாரம் போட்டு 1900இல் மூர் மார்க்கெட் திறந்தது. பிராட்வேயின் நெரிசலான கடைகளை அங்கே நகர்த்துவது நோக்கம். 1909இல் தொடங்கி 1913இல் ரிப்பன் கட்டடம், அதாவது நகராட்சிக்கே தலைமையகம். பிறகு விளையாட்டரங்கம். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக 413 ரன் சேர்த்து உலக சாதனை செய்தது அந்த மாநகராட்சி ஸ்டேடியத்தில்தான். அதே இடத்தில் 1993இல் 260 நாளில் நேரு ஸ்டேடியம் எழுந்தது. இதற்கிடையில் 1985 என்று ஒரு வருஷம். மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகங்களும் இசைத்தட்டுகளும் சாம்பலாயின. ஜூலையில் மிருகங்களுக்காக வண்டலூர்க் காட்டுப் பகுதியில் அமைத்த புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. மிருகங்களுக்கு நல்லதுதான், ஆனால் உயிர் காலேஜ் என்ற சொல் வழக்கொழிய ஆரம்பித்தது. ஹாலின் 99 வருஷக் குத்தகைக் கணக்கும் அதே வருஷத்தில் முடிகிறது. மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான முனையம் வந்தது. ரயில்வே அதற்கு வைத்த பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். பொருளை எடுத்துக்கொண்டு பெயரைத் திருப்பித் தருவது இந்த நிலத்தின் சடங்காகிவிட்டது. 2018இல் பூமிக்கடியில் மெட்ரோவும் வந்து சேர்ந்தது. பழைய பார்க்கின் பச்சை மிச்சமாக இன்று சொல்லத்தக்கது மை லேடீஸ் கார்டன் என்கிற துண்டுதான்.

கவனிக்க வேண்டியது, இதில் திருட்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு துண்டும் ஜனங்களின் பெயரால்தான் போயிருக்கிறது. மண்டபம் பொதுவுக்கு, சந்தை பொதுவுக்கு, ஆபீஸ் பொதுவுக்கு, ஸ்டேடியம் பொதுவுக்கு, ரயில் பொதுவுக்கு. தனித்தனியாக எதையும் எதிர்க்க முடியாது. ரயிலை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கூட்டிப் பார்த்தால், காசு கொடுக்காமல், டிக்கெட் எடுக்காமல், என்ன வேலையாக வந்தாய் என்று யாருக்கும் பதில் சொல்லாமல் ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடிய 116 ஏக்கர், பதில் சொல்லியாக வேண்டிய இடங்களாக மாறிவிட்டது. பொது என்ற சொல்லின் அர்த்தமே இதற்குள் மாறிவிட்டது. பயன்பாடு உள்ளதுதான் பொது. சும்மா இருப்பது பொதுவில் சேராது.

6

இப்போது கேமராவுக்கு வருவோம். இன்றைக்கு ஃபிலிமில் படமெடுப்பது ஒரு மோஸ்தர். ஒரு காலத்தில் சாதாரண வீட்டின் பெட்டியாக இருந்தது இன்று காசுள்ளவனின் பொழுதுபோக்கு. ஊட்டியில் 1960இல் பொதுத்துறை நிறுவனமாக அமைந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்புவெள்ளை ஃபிலிம் செய்து கொடுத்தது. 1990களில் அது நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. 2010களில் கதை முடிந்தது. பூங்கா மட்டுமல்ல, அதைப் பதிவதற்கான பொதுச் சாதனமும் போய்விட்டது. இப்போது ஒரு சுருள் வேண்டுமென்றால் வெளிநாட்டுச் சரக்குக்குத்தான் காசு கட்ட வேண்டும்.

மோஸ்தரில் இருக்கிற ஆபத்து வேறு. சென்ட்ரல் வாசலில் கொய்யா விற்கிற பெண்ணைக் கறுப்புவெள்ளை ஃபிலிமில், மணல் மணலாகத் தெரிகிற திரையில் எடுத்துப் பாருங்கள். உடனே அவள் 'பழைய மெட்ராஸ்' ஆகிவிடுகிறாள். இன்றைக்கு, இந்த வெயிலில், நடைபாதையில் தன் இடத்துக்காகப் போராடுகிறவள், காலண்டர் படத்தின் அமைதிக்குள் அடைக்கப்படுகிறாள். கடந்த காலத்துக்குத் தள்ளப்பட்டவருக்கு நிகழ்காலத்தில் உரிமை கேட்க முடியாது. பீப்பிள் ஆஃப் இந்தியா செய்ததை ஏக்கத்தின் பெயரால் நாமே செய்கிறோம். வகைப்பாட்டின் தலைப்பு மட்டும் 'பாரம்பரியம்' என்று மாறியிருக்கிறது. சிவப்புக் கட்டடங்களைத் தனியாக, கூட்டமில்லாத விடிகாலையில், வானத்தோடு சேர்த்து எடுப்பதும் இதே காரியம்தான். கட்டடம் தப்பித்துவிடும், பூங்கா இன்னொரு தடவை காணாமல் போகும்.

இந்தக் கிளிக் 3ஐக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த வட்டாரத்தைச் சுற்றியதில் கற்ற முதல் பாடம் அதிகாரத்தைப் பற்றியது. செல்ஃபோனை உயர்த்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தப் பெட்டியை உயர்த்தினால் ஏதோ ஒரு வாசலிலிருந்து ஒரு குரல் வந்துவிடும்: 'சார், பர்மிஷன் இருக்கா?' யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டால் 'ஆபீஸ்ல கேளுங்க'. எந்த ஆபீஸ் என்பதற்குப் பதில் இல்லை. 116 ஏக்கருக்கு ஒரே பெயர் இருந்த இடத்தில் இப்போது எத்தனை ஆபீஸ் இருக்கிறது என்பதை வரைபடத்தைவிட இந்தக் கேள்வி நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. கேமரா கண்ணில் படுகிற பொருளாக இருப்பதால் வருகிற லாபம் இது. அது எல்லைகளைப் பேசவைக்கிறது.

பாரீஸில் அட்ஜே எடுத்த ஆளில்லாத தெருக்களைக் குற்றம் நடந்த இடத்தின் படங்கள் போல இருப்பதாகச் சொன்ன கூற்றை எடுத்துக்கொண்டு, குற்றம் நடந்த இடத்தைப் படமெடுப்பது தடயத்துக்காக என்று பெஞ்சமின் வாதத்தை நீட்டினார். நமக்குத் தேவையான பார்வை இதுதான். பன்னிரண்டில் ஏழு படத்தைச் சுவர்களுக்கே கொடுத்தேன். ஸ்டேடியத்தின் மதில், ரயில்வேயின் மதில், ஆபீஸின் கம்பிவேலி, மெட்ரோவின் தகரத் தடுப்பு. பூங்காவுக்குள் ஒவ்வொரு துண்டும் எப்போது தனியாகியதோ அப்போதெல்லாம் ஒரு சுவர் முளைத்திருக்கிறது. கட்டடங்கள் தங்களைப் பற்றிப் பேசும். பூங்காவைப் பற்றிப் பேசுகிறவை இந்தச் சுவர்கள் மட்டும்தான். அவற்றின் இரண்டு பக்கமும் ஒரே மண், சில இடங்களில் ஒரே மரத்தின் நிழல். மிச்சம் ஐந்தில் சுவரோரத்து நிழலில் உட்கார்ந்தவர்கள், படுத்தவர்கள், ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று துண்டு விரித்தவர்கள். முகத்துக்கு நேராக வைக்காமல், கேட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்துச் சுவரும் சட்டத்துக்குள் வரும் தூரத்தில் நின்று எடுத்தவை. அந்த ஷட்டருக்கு ஓடுகிறவர்களைப் பிடிக்கும் வேகம் கிடையாது. நடைபாதையில் விரைகிறவர்கள் இழுபட்டுத்தான் விழுந்திருக்கிறார்கள். உட்கார்ந்தவர்கள் தெளிவாக விழுந்திருக்கிறார்கள். இவர்களை யாரும் நிறுத்திவைக்கவில்லை, பட்டினி கட்டிப்போடவில்லை. உட்கார இடம் கிடைத்ததால் உட்கார்ந்தவர்கள். ட்ரெவல்யனின் பூங்கா எதற்காக என்று சொல்லப்பட்டதோ அதைச் சுவரின் ஓரத்தில், இரண்டடி நிழலில், யாரும் கொடுக்காமலே அவர்கள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பீப்பிள்ஸ் பார்க்கைப் படமெடுக்க முடியுமா என்றால், முடியும். அதை இறந்த பூங்காவாக அல்ல, பாக்கி வரவேண்டிய நிலமாக எடுக்க வேண்டும். ஃபிலிம் நெகடிவ் என்பது ஒன்றே ஒன்றுதான் இருக்கும் பொருள். எந்த இடத்தில் எந்த வெளிச்சம் பட்டதோ அதன் நேரடித் தடம். நிலமும் அப்படித்தான், ஒரு தடவைதான் உண்டு. ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கட்டடங்களின் பிறந்தநாளைக் கொண்டாடுவதோடு நிறுத்தாமல், எந்த நிலம் யார் பெயரால் ஒதுக்கப்பட்டு, எந்தச் சுவருக்குள் போனது என்று ஏக்கர் கணக்கில் எழுத ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு பார்க், ஒரு மந்தைவெளி, ஒரு ஏரிக்கரை இருக்கிறது. சுவர் எழும்புவதற்கு முன்பே போய் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.